‘பதினோராம் பிரதி’க்கு ஒன்றரை மார்க்

12 செப்டம்பர் 2025, வெள்ளி

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பதினொரு மணிக் காட்சிக்கு ‘பதினோராம் பிரதி’ போனேன். விடுப்பு வீண்.

தியேட்டர் நிறைந்துதான் இருந்தது. படத்தின் மேல் உள்ள ஆசையால் அல்ல. கொத்தமங்கலத்தில் எடுத்த படம் என்பதால் பாதிப் பேர் வீடு பார்க்க வந்திருந்தார்கள், மீதிப் பேர் தங்கள் தெரு வருகிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள். எனக்குப் பின்வரிசையில் ஒருவர், “அந்தா, நம்ம மச்சான் வீட்டு மாடு!” என்று கத்தினார். படம் முழுக்க விழுந்த ஒரே கைதட்டல் அந்த மாட்டுக்குத்தான்.

கதை இதுதான். ஆதவன் கம்ப்யூட்டர் இன்ஜினியர். மனைவி யாழினி, வயதான அப்பா. மூவரும் கொத்தமங்கலத்துப் பெரிய வீட்டில் விடுமுறைக்கு வந்து தங்குகிறார்கள். இடைவேளையில் அந்த வீடு, தெரு, ஊர் எல்லாமே ஒரு இயந்திரம் உருவாக்கிய பொய் உலகம் என்று தெரிகிறது. அந்த இயந்திரம் அவர்களில் ஒருவராக வேடம் போட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கிறதாம். யார் அது? ஆதவன் அப்பாவைச் சந்தேகப்படுகிறான், பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படுகிறான், பால்காரரைக்கூட விடவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் பார்த்தால் யாழினிதான் இயந்திரம். எப்படி? ஏன்? எந்த ஆதாரத்தில்? ஒன்றும் கிடையாது. சொன்னால் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இருபத்திரண்டு வருடமாக நிலம் அளக்கிறவன் நான். ஒரு கல் அரை அடி நகர்ந்திருந்தாலும் கண்ணில் படும். என்னிடமே இந்த வேலையா?

சாயங்காலம் என் ‘அளவுக்கல்’ முகநூல் பக்கத்தில் விமர்சனம் போட்டுவிட்டேன். ஐந்துக்கு ஒன்றரை. நல்லதையும் ஒரு வரி எழுதினேன், நியாயம் நியாயம்தானே: “படத்தில் நம்பும்படி இருந்தது சாப்பாட்டுக் காட்சிகள் மட்டுமே. அப்பனும் மகனும் உட்கார, யாழினி பரிமாறும் அழகு அசல் நம் வீடு.” முடிவு வரி எனக்கே பிடித்திருந்தது: “முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் பூசணிக்காயே இல்லாமல் மறைத்திருக்கிறார்கள்.”

என் மனைவி ஜோதிக்கு மறுபடி தலைசுற்றல். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் அப்படி.

13 செப்டம்பர், சனி

காலையில் எழுந்து பார்த்தால் விமர்சனத்துக்குக் கீழே நூற்று எண்பது கருத்துகள். சனங்கள் கொதித்துப்போய் இருக்கிறார்கள். சிலதை எழுதி வைக்கிறேன்.

மானாமதுரைக்காரர் ஒருவர்: “யாரு மெசினுன்னு டைரக்டருக்கே கடைசி நாள்தான் தெரிஞ்சிருக்கும்.”

இன்னொருவர்: “பொய் உலகத்துல இருந்தது ஆதவன் இல்ல, நான்தான். வெளிய வந்து வெயில் பட்டதும்தான் உசுரு வந்துச்சு.”

தேவகோட்டையிலிருந்து: “வீடு நல்லாருக்கு. வீட்ட மட்டும் ரெண்டு மணி நேரம் காட்டியிருந்தா இன்னொரு தடவ பாத்திருப்பேன்.”

எல்லாரும் என் பக்கம். ஒரே ஒரு அம்மாள் மட்டும், நெற்குப்பையாம், பெயர் தீபலட்சுமி, “எனக்கு முதல் அரை மணி நேரத்திலேயே யாழினி மனுஷி இல்லை என்று தெரிந்துவிட்டது” என்று எழுதியிருந்தார். “தாயே, நீங்கள் பார்த்தது படமா, சீரியலா?” என்று கேட்டேன். அறுபது எழுபது பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. “இன்னொரு முறை பாருங்கள் சார். கண்முன்னால்தான் இருக்கிறது” என்று மட்டும் பதில் போட்டார்.

கண்முன்னால் இருப்பது எனக்குத் தெரியாதாம். நெற்குப்பையில் பாதி ஊரை அளந்தவன் நான்.

14 செப்டம்பர், ஞாயிறு

மதுரை விடுதியிலிருந்து சுபா பேசினாள். மகளாவது நம் பக்கம் நிற்பாள் என்று நினைத்தால், அவளும் படம் பார்த்திருக்கிறாள், நன்றாக இருக்கிறது என்கிறாள்.

“எங்க ரூம்ல ஆறு பேரு போனோம்ப்பா. அஞ்சு பேரு இடைவேளையிலயே கண்டுபிடிச்சிட்டோம்.”

“எத வச்சு?”

“சொல்ல மாட்டேன். நீங்கதான் அர அடி நகந்தா கண்டுபிடிப்பீங்களே.”

இருபது வயசுப் பிள்ளைக்கு இருக்கிற நக்கல்! ஃபோனைக் கொண்டுபோய் அடுப்படியில் அவள் அம்மாவிடம் கொடுத்தேன். அங்கே ரொம்ப நேரம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பொறுக்க முடியவில்லை. மத்தியானமே சவால் ஒன்று போட்டுவிட்டேன். “யாழினிதான் இயந்திரம் என்பதற்குப் படத்தில் ஒரே ஒரு தடயத்தைக் காட்டுங்கள். காட்டிவிட்டால் ‘அளவுக்கல்’ பக்கத்தை இழுத்து மூடிவிட்டு, காரைக்குடி தியேட்டர் வாசலில் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்கிறேன். — முத்துக்கண்ணன், நில அளவர்.”

ஆறு வருடம் வளர்த்த பக்கம். பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள். சும்மா ஒன்றும் பந்தயம் கட்டவில்லை.

16 செப்டம்பர், செவ்வாய்

வந்த தடயங்களும் நான் கொடுத்த தீர்ப்பும்:

கடிகாரம் எப்போதும் நாலேகால் காட்டுகிறதாம். பழைய வீட்டில் எந்தக் கடிகாரம் ஓடியிருக்கிறது? தள்ளுபடி.

யாழினிக்கு நிழல் விழவில்லையாம். முற்றத்தில் நன்றாகவே விழுகிறது. தள்ளுபடி.

ஒரே காக்கை மூன்று முறை வருகிறதாம். ஒரே காக்கை என்று இவருக்கு எப்படித் தெரியும்? காக்கையே வந்து சொன்னதா?

அலுவலகத்தில் வீரபாண்டியன் பாதிச் சிரிப்போடு கேட்டான்: “ஏண்ணே, சினிமாக்காரன் தப்புப் பண்ணுனா நமக்கென்ன? கொத்தமங்கலம் மனு ஒண்ணு ரெண்டு வாரமா கெடக்கு.” இவனும் கட்சி மாறிவிட்டானா?

ஜோதி ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றாள். போய்ட்டு வா என்றேன்.

17 செப்டம்பர், புதன்

அந்த நெற்குப்பை அம்மாள் இன்றைக்கு ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தார்: “கிடைத்ததா?”

19 செப்டம்பர், வெள்ளி

இரண்டாம் முறை பார்த்தேன். தியேட்டரில் இருபத்து மூன்று பேர். இந்த முறை குறிப்பேட்டோடு போனேன், அளவைக்குப் போவதுபோல. யாழினி வருகிற ஒவ்வொரு காட்சியையும் குறித்தேன். வெளியே வந்து சரிபார்த்தது கீழே.

கண்ணாடி முன்னால் — ஆறு இடம். பிம்பம் சரி.
தூக்கம் — இரண்டு இடம். கண் மூடியிருக்கிறது. சரி.
அழுகை — ஒன்று. கண்ணீர் வருகிறது.
சாப்பாடு — நான்கு காட்சி. இயல்பு. குறை ஒன்றும் இல்லை.
கோவில் — விபூதி பூசிக்கொள்கிறாள். சரி.

ஆக, ஒன்றும் இல்லை. இயக்குநர் ஏதோ பேட்டியில், “எல்லோர் கண்ணெதிரிலும்தான் வைத்தேன், ஆண்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை” என்று சொல்லியிருக்கிறாராம். எப்படிப் புளுகுகிறார் பாருங்கள். ஆண்களுக்கு ஒரு கண், பெண்களுக்கு ஒரு கண்ணா?

20 செப்டம்பர், சனி

ரத்த ரிப்போர்ட் குளிர்பெட்டி மேல் கிடந்தது. ஹீமோகுளோபின் 6.8. பக்கத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து இருக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். அவளும் டீச்சர், படித்தவள், வேளாவேளைக்குப் போட்டுக்கொள்வாள்.

காலைச் சாப்பாட்டில் அப்பாவிடமும் அவளிடமும் படத்தின் ஓட்டைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால் சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது. ஜோதி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி, நிழல், காக்கை எல்லாம் சொல்லி முடித்து, “என்ன சொல்ற?” என்றேன்.

“இன்னொரு தோசை ஊத்தவா?” என்றாள்.

இந்த வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடையாது.

23 செப்டம்பர், செவ்வாய்

எழுதத் தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மத்தியானக் காட்சிக்குப் போனேன். மூன்றாவது தடவை. நாளையோடு படத்தை எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள், அதனால். ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். மற்றவர்களுக்குத் தொந்தரவு கூடாதாம், பெரிய ஒழுங்கு நான்.

படம் விட்டு வந்து பார்த்தால் ஒன்பது அழைப்பு. எல்லாம் ஜோதியோடு வேலை பார்க்கும் பொன்னுத்தாயி டீச்சர். காலாண்டுத் தேர்வு நடக்கும்போது ஜோதி வகுப்பிலேயே விழுந்துவிட்டாள். மேசை முனை நெற்றியில் பட்டு மூன்று தையல். அவர்களே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

நான் போய் நின்றபோது மணி ஐந்தரை. பொன்னுத்தாயி டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க சார் போயிருந்தீக? ஆபீஸ்ல கேட்டா லீவுன்னாங்க.”

என்ன சொல்ல? படத்துல தப்புக் கண்டுபிடிக்கப் போயிருந்தேன்னா? “வெளிய” என்றேன்.

ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஜோதி கண்ணைத் திறந்து பார்த்து, “மாமாவுக்கு ஏழு மணிக்குச் சாப்பாடு வேணுமே” என்றாள். அப்பாவைத்தான் சொல்கிறாள்.

24 செப்டம்பர், புதன்

காலையில் டாக்டரம்மா வந்தார். வயதில் சின்னவர், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. ஜோதியின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“காலைல இவங்க என்ன சாப்பிடுவாங்க?”

“இட்லி. தோசை.”

“எத்தன?”

நான் ஜோதியைப் பார்த்தேன்.

“அவங்களப் பாக்காதீங்க. நீங்க சொல்லுங்க. எத்தன இட்லி?”

ரிப்போர்ட்டைக் குனிந்து பார்த்தேன்.

“மத்தியானம் டப்பா கொண்டுபோறாங்களா? ராத்திரி எத்தன மணிக்குச் சாப்பிடுவாங்க?”

எங்கப்பா எத்தனை இட்லி சாப்பிடுவார் என்று தெரியும், நாலு. எனக்கு ஐந்து. சுபாவுக்கு மூன்று, சட்னி காரமாக இருந்தால் நான்கு. ஜோதிக்கு? இருபத்தொரு வருடம் ஒரே வீடு. நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது அவள் அடுப்படியில் இருப்பாள். அதற்கப்புறம் எட்டேகால் பஸ்ஸுக்கு ஓடுவாள். இடையில் என்ன நடந்தது? தெரியவில்லை. தெரியவில்லை என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது.

டாக்டரம்மா காத்திருந்துவிட்டு, ஜோதியிடமே கேட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள்: “நேரமிருந்தா ரெண்டு. இல்லேன்னா ஒரு டம்ளர் காப்பி. டப்பாவுல எல்லாருக்கும் போக மிஞ்சுனது இருக்கும்.”

மிஞ்சினது. என் மனைவி டீச்சர், கை நிறையச் சம்பளம் வாங்குகிறவள். மிஞ்சினது சாப்பிடுகிறாளாம்.

கேன்டீனில் இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். ஒரு கையில் ஊசி செருகியிருந்தது. மறு கையால் பிட்டு, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு நான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். கல்யாணப் பந்தி. பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்கும் பாயசத்தைத் தவிர ஒன்றும் தொடவில்லை, வெட்கம்.

பாதி இட்லியில் இருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு சாப்பாட்டுக் காட்சி. என் குறிப்பேட்டில் என் கையெழுத்து. “இயல்பு. குறை ஒன்றும் இல்லை.”

25 செப்டம்பர், வியாழன்

காலையில் சுபாவைக் கூப்பிட்டேன். அம்மா விழுந்த விஷயம் அவளுக்கு நேற்றே தெரியும், இன்று சாயங்காலம் வருகிறாள்.

“அவ சாப்பிடவே இல்ல. அதானே?” என்றேன்.

 “யாரச் சொல்றீங்க?” என்றாள்.

“படத்துல.”

“ஆமாப்பா. ரெண்டு மணி நேரம், நாலு பந்தி, ஒரு வாய் சாப்பிட மாட்டா. தண்ணிகூடக் குடிக்க மாட்டா. மெசினுக்கு எதுக்குச் சோறு? ரூம்ல அஞ்சு பேரும் அதத்தான் சொன்னோம்.” அவளே தொடர்ந்தாள்: “ஆறாவது ஒருத்தி மட்டும் கண்டுபிடிக்கல. அவளுக்கு அது வித்தியாசமாவே தெரியலையாம், ‘எங்க வீட்லயும் அம்மா அப்படித்தான’ன்னு சொன்னா.”

“ஏண்டி எங்கிட்ட அப்பவே சொல்லல?”

“பத்து வருசமா சொல்றேன்ப்பா, அம்மாவையும் உக்காரச் சொல்லுங்கன்னு. நீங்க என்ன சொல்லுவீங்க தெரியுமா? ‘அவளுக்கு அதெல்லாம் பழகிப்போச்சு.’”

சொல்லியிருக்கிறேன். அதே வார்த்தை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழனிப் பானையில் துள்ளி. ஐந்துக்கு ஒன்றரையாம், அளவுக்கல்லாம். தூ.

27 செப்டம்பர், சனி

ஜோதி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று வாரம் ஓய்வு, பிறகு மறுபடி ரத்தப் பரிசோதனை. “இன்னொரு தடவ இப்படி வந்தா இதயத்துக்கு ஆகாது” என்று டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சொன்ன சொல் காப்பாற்ற வேண்டும் என்று காலையில் ‘அளவுக்கல்’ பக்கத்தில் எழுதினேன். தடயம் இருக்கிறது, யாழினி படம் முழுக்க ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, நான் மூன்று முறை பார்த்தும் காணவில்லை, காரணம் என் வீட்டிலும் என் மனைவி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை, அவள் இப்போது ரத்தமில்லாமல் படுத்திருக்கிறாள், தப்பு என்னுடையது. உருக்கமாகவே எழுதியிருந்தேன். இரண்டு முறை படித்துத் திருத்தினேன்.

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“இதெல்லாம் ஒரு தடயமா? எங்கம்மாவும் எல்லாரும் சாப்பிட்டப்பறம்தான் சாப்பிடும். அப்ப எங்கம்மா மெசினா?”

“சாருக்குப் படக் கம்பெனி கவர் குடுத்துருச்சு.”

“பொம்பளை கடைசியில சாப்பிடுறது நம்ம பண்பாடு. அது புரியாத டைரக்டருக்கு நீ வக்காலத்தா?”

“பொண்டாட்டிக்குச் சோறு போடாதவன் விமர்சனத்தையா ஆறு வருசம் படிச்சோம்?”

நானூறுக்கு மேல். முதல் வாரத்தில் இயக்குநரைத் திட்டிய அதே ஆட்கள், அதே வேகம். அன்றைக்கு இனித்தது. நெற்குப்பை தீபலட்சுமி அம்மாளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். “இதற்கு இரண்டு வாரமா சார்?” என்று மட்டும் எழுதினார்.

28 செப்டம்பர், ஞாயிறு

ஜோதிக்கு யாரோ அந்தப் பதிவை அனுப்பியிருக்கிறார்கள். படுக்கையில் உட்கார்ந்து முழுவதையும் படித்திருக்கிறாள். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இருபத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

“நான் பட்டினி கெடந்தேன்னு ஊரு பூரா எழுதி வச்சிருக்கீக. எங்க அண்ணன் ஃபோன் பண்ணிக் கேக்குறாரு, ஒனக்கு அங்க சோறு போடலையான்னு. பள்ளிக்கூடத்துல பிள்ளைக முன்னாடி நான் எப்படிப் போய் நிப்பேன்?”

“என் தப்பத்தான எழுதினேன் ஜோதி...”

“ஒங்க தப்ப எங்கிட்டச் சொன்னீகளா? ஒரு வார்த்த? ஆஸ்பத்திரியில மூணு நாளு பக்கத்துலயே உக்காந்திருந்தீக. அப்பச் சொல்லல. முன்னப்பின்னத் தெரியாத பதினோராயிரம் பேருகிட்டச் சொல்றீக. அவுக வந்தா எனக்குச் சோறு போடப் போறாக?”

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.  உருக்கமாக எழுதி இரண்டு முறை திருத்தினேனே, அவளைப் பற்றிப் போடலாமா என்று அவளிடம் ஒரு முறை கேட்கத் தோன்றவில்லை. அங்கேயும் அவளைப் பரிமாறத்தான் வைத்திருக்கிறேன்.

“நான் தப்புப் பண்ணிட்டேன் ஜோதி. ரெண்டு தப்பு” என்றேன்.

“கஞ்சிய வச்சிட்டு அங்குட்டுப் போங்க” என்றாள்.

அப்போதே அந்தப் பதிவை எடுத்தேன். பக்கத்தையும் மூடினேன். பந்தயத்துக்காக மூடவில்லை, அவள் அழுத முகத்துக்காக மூடினேன். வலிக்கும் என்று நினைத்தேன். பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்குப் போவதுபோல மனசு அங்கேயே போகிறது, அவ்வளவுதான்.

2 அக்டோபர், வியாழன்

பந்தயத்தில் இரண்டாவது பாதி பாக்கி இருந்தது. விஜயதசமி, தியேட்டரில் நல்ல கூட்டம். வாசலில் போய் நின்றேன். வண்டி நிறுத்தும் இடத்தில் டோக்கன் கொடுக்கிறவர் வந்து, “என்ன சார் வேணும்?” என்றார்.

“பதினோராம் பிரதி படத்தப் பத்தி நான் எழுதினது தப்பு.”

“அது போயி ஒரு வாரமாச்சே சார். இப்ப ஓடுறது வேற” என்றவர், கொஞ்சம் யோசித்து, “நாங்கூட அதப் பாத்தேன். ஒண்ணும் வெளங்கல” என்றார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

5 அக்டோபர், ஞாயிறு

மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் ஆயிற்றா? அப்பா தட்டு முன்னால் இருக்கிறார், ஜோதி நிற்கிறாள். “மாமா முன்னாடி எப்படி?” என்கிறாள். நான் வற்புறுத்தி உட்கார வைத்தேன். அப்பா அவளைப் பார்க்கிறார், அவள் தட்டைப் பார்க்கிறாள், நான் இருவரையும் பார்க்கிறேன். நாலு பருக்கை உள்ளே போயிருந்தால் அதிகம்.

“என்னடா இது புதுப் பழக்கம்?” என்றார் அப்பா.

“டாக்டர் சொல்லியிருக்காகப்பா.”

“அது சாப்பிடட்டும், நான் வேண்டாம்னா சொன்னேன்? இப்படிச் சுத்தி உக்காந்து பாத்தா மாடுகூடத் திங்காதுடா.”

ஜோதி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எண்பது வயதுக்காரர் சொன்னது சரி. எனக்குத்தான் கோபம், யார் மேல் என்று தெரியவில்லை.

10 அக்டோபர், வெள்ளி

படம் இன்று டிவிக்கு வந்துவிட்டது. ஜோதி பார்க்க வேண்டும் என்றாள். “ஊரே பேசுச்சு, நான் மட்டும் பாக்கல.” நான்காவது தடவை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

இருபதாவது நிமிடம். முதல் சாப்பாட்டுக் காட்சி. ஆதவனும் அப்பனும் சாப்பிட்டு எழுந்து போகிறார்கள். யாழினி இலையை எடுத்துத் துடைக்கிறாள். ஜோதி சொன்னாள்: “இந்தப் பிள்ளைக்கு யாருமே ஒரு எல போடலையே.”

படம் முடிந்ததும் எப்படி என்று கேட்டேன்.

“எனக்கு அவளப் பாவமா இருந்துச்சு. மெசினா இருந்தா என்ன, அம்புட்டு நேரம் நின்னாளே.”

இத்தனை விமர்சனம் படித்தேன், எழுதினேன். இந்த ஒன்றில்தான் யாழினியின் கால் கடுத்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

17 அக்டோபர், வெள்ளி

ரத்தம் 9.1. டாக்டரம்மா இம்முறையும் என்னிடம்தான் கேட்டார்: “எத்தன இட்லி?” “மூணு. சில நாளு ரெண்டரை” என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

எண்ண முடிகிறது, ஏனென்றால் இப்போது நான்தான் ஊற்றி எடுக்கிறேன். முதல் நாள் இட்லியை அப்பா சுவரில் தட்டிப் பார்த்தார்.

26 அக்டோபர், ஞாயிறு

மழை. சுபா வரவில்லை, தேர்வாம்.

சமையல் நான். சோறு, பருப்புக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். பன்னிரண்டரைக்கு இறக்கிவிட்டேன். அப்பா அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். தட்டையும் செம்பையும் தானே எடுத்துக்கொண்டார்.

“நான் அங்குட்டு முன்வீட்டுல உக்காந்து திங்கிறேன். நான் இருந்தா அது உக்காராது. அம்புட்டுத்தான? அதுக்கு எதுக்கு இம்புட்டுக் கூத்து?”

ஜோதி “மாமா, இருங்க...” என்று எழுந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்கு முதலில் போட்டேன். தட்டின் முன்னால் உட்கார்ந்தாள், சம்மணம் போட்டு. நான் எதிரில் உட்கார்ந்தேன்.

“பாக்காதீக” என்றாள்.

திரும்பி, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் சோறு பிசைகிற சத்தம். வளையல் சத்தம். மழை பெய்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பக்கம் திரும்பாமலே கேட்டேன்.

“எப்படி இருக்கு?”

“உப்பு இல்ல. பருப்பு வேகல. புளிய எதுக்கு இப்படிக் கொட்டியிருக்கீக, சும்மாவா வருது?”

“நல்லது ஒண்ணுகூட இல்லையா?”

“சோறு சுடுது.”

“அஞ்சுக்கு எத்தன மார்க்?”

யோசிக்கவே இல்லை அவள். “ஒண்ணர.”

சிரித்தாளா என்று தெரியவில்லை, நான் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தட்டு தரையில் நகர்ந்து வந்து என் முழங்காலில் இடித்தது.

“இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க” என்றாள்.